ஒரே உயில், இரண்டு தடவை

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் சாட்சி அக்கா. வக்கீல் அலுவலகத்துக்குத் தட்டச்சு வேலைக்கு வந்தவர்தான். ஆனால் இருபத்தெட்டு வருஷத்தில் அவர் பேர் வாங்கியது, அடுத்தவர்களுடைய உயில்களின் கடைசிப் பக்கத்தில் போட்ட கையெழுத்துகளால். உயில் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் தனியாகத்தான் வருவார்கள். சாட்சிக்கு ஆள் கூட்டி வந்தால் விஷயம் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். அப்போது வக்கீல் தன் அறையிலிருந்தே, "வாம்மா, ஒரு கையெழுத்து" என்று குரல் கொடுப்பார். அக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவார்.

நான் அங்கே போனது ஒரு அதிகாரப் பத்திரத்தை ரத்து செய்ய. ஏழு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தேன். கிளம்பும்போது என் பேரில் இருந்த சின்ன மனையைப் பார்த்துக்கொள்ள அண்ணனுக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்திருந்தேன்.

"ஏன் ரத்து பண்றீங்க? அண்ணன் ஏதாவது பண்ணிட்டாரா?" என்று கேட்டார் அக்கா.

"இல்லக்கா. நான் திரும்பி வந்துட்டேன்ல."

"அப்ப சரி. பத்திரத்துல காரணம் கேக்க மாட்டாங்க. நான்தான் கேப்பேன்."

எனக்கு வேலை எதுவும் இல்லை என்று தெரிந்ததும், பழைய கோப்புகளை ஸ்கேன் செய்ய மூன்று மாதத்துக்கு ஆள் வேண்டும் என்றார். அதற்குமேல் எந்த வேலையிலும் நான் தரித்து நின்றதில்லை. அளவாக இருந்தது, ஒத்துக்கொண்டேன்.

அலுவலகம் என்பது ஒரு நீளமான அறை. நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு. அது கூரைவரை எட்டாது, அதனால் வக்கீல் அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் காகிதம் பறக்கும் என்று அக்கா சொல்வார். இந்தப் பக்கம் அவருடைய மேஜை, என் ஸ்கேனர், நான்கு இரும்பு அலமாரிகள். ஜன்னலுக்கு எதிரே கையெட்டும் தூரத்தில் நகல் கடை. அந்தக் கடைக்காரர் நாள் முழுக்க இயந்திரத்தின் மூடியைத் தூக்கிப் போட்டுக்கொண்டே இங்கே நடக்கும் பேச்சில் கலந்துகொள்வார்.

உயில்களை மட்டும் அக்காவிடம் கொடுக்காமல் வக்கீலே இரண்டு விரலால் தட்டிக்கொள்வார். சாட்சி போடும் நேரத்தில் வாசகத்தின்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து மூடிவிடுவார். சாட்சி பார்க்க வேண்டியது உயில் எழுதியவர் கையெழுத்துப் போடுவதைத்தான்; யாருக்கு என்ன என்பது அவருக்கு வேண்டாத சமாசாரம். அலமாரிச் சாவிகள் நான்கும் அக்காவின் இடுப்பில்தான் தொங்கின. ஆனாலும் அவர் எந்த உயிலையும் பிரித்துப் பார்த்ததில்லை. "என் கண்ணு கையைத்தான் பாக்கும். மூஞ்சியைக்கூடப் பாக்காது" என்பார்.

சாட்சியைப் பற்றிய சட்டம் அவருக்கு மனப்பாடம். நான் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு பெரியவர் மருமகனைச் சாட்சிக்கு அழைத்து வந்தார். மருமகன் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"உங்க மாமனார் உங்களுக்கு ஏதாவது எழுதியிருக்காரா?" என்றார் அக்கா.

"அது எப்படிங்க எனக்குத் தெரியும்?"

"எழுதியிருந்தா, நீங்க இந்தக் கையெழுத்தைப் போட்டதும் அது போச்சு. சாட்சி போடறவருக்கு எழுதினது செல்லாது. உயில் நிக்கும், உங்க பங்கு மட்டும் விழுந்துடும்."

மருமகன் எழுந்த வேகத்தில் நாற்காலி மல்லாந்தது. எதிர்க்கடையில் சிரிப்பு கேட்டது. அன்றைக்கும் அக்காதான் கையெழுத்துப் போட்டார்.

அவர் குடியிருந்தது சித்தி வீட்டில். அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது. ஒரு பெட்டியோடு அங்கே வந்தவர், முப்பத்திரண்டு வருஷமாக அங்கேதான். கீழே இரண்டு அறை, சமையலறை, பின்கட்டில் ஒரு குழாய். சித்தப்பா சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகன் இருபத்திரண்டு வயதில் வேறு ஊருக்கு லிஃப்ட் மெக்கானிக்காகப் போனான். அங்கேயே யாருக்கும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் மட்டும் வரும்.

சித்திக்கு வாய் கொஞ்சம் நீளம். அக்காவைப் பெண் பார்க்க வந்த ஒருத்தரிடம், "இவ போயிட்டா எனக்கு யாரு இருக்கா? நீங்களும் இங்கயே வந்துடுங்க, ரெண்டு பேரா பாத்துக்கலாம்" என்றாராம். வந்தவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். இதைச் சிரித்துக்கொண்டேதான் அக்கா சொன்னார். கடைசி நான்கு வருஷம் சித்தி கட்டிலை விட்டு இறங்கவில்லை. குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, மருந்து எல்லாமே அக்காதான். ஓய்வூதியம் வாங்கவும் வரி கட்டவும் சித்தி அவருக்கு ஒரு அதிகாரப் பத்திரம் கொடுத்திருந்தார். அதில் வீட்டை விற்கும் அதிகாரம்கூட இருந்தது. அக்கா அதை வைத்து மருந்துக் கடையைத் தாண்டி எங்கேயும் போனதில்லை.

சித்தியின் உயிலிலும் அக்கா சாட்சி போட்டிருந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால், சித்தி நடமாடிக்கொண்டிருந்த காலத்தில். இதை அவர் என்னிடம் சொன்னது கோப்புகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தபோது, மழை வருகிற மாதிரி இருக்கு என்று சொல்லும் அதே குரலில்.

"அதுல என் பேரு இல்லன்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. இருந்திருந்தா சார் என்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டாரு."

"கஷ்டமா இல்லையாக்கா?"

"ரெண்டு நாள் சோறு இறங்கல. அப்புறம் யோசிச்சேன். பெத்த பையன் இருக்கும்போது எனக்கு ஏன் எழுதணும்? அவங்களுக்குப் பின்னாடி வாடகைக்கு ஒரு அறை பாத்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன்." ஒரு கோப்பை எடுத்துத் தூசி தட்டினார். "தெரிஞ்சதுக்கப்புறம்தான் நல்லா பாத்துக்கிட்டேன்னு தோணுது. கைம்மாறு இல்லன்னு ஆனதும் கைக்கு பாரம் குறைஞ்சிடுச்சு."

நான் சேர்ந்து ஆறாவது வாரம் சித்தி இறந்தார். மகன் வந்தான். காரியங்கள் முடிந்து ஒரு வாரம் கழித்து, வக்கீல் இருவரையும் தன் அறைக்கு அழைத்தார். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தேன். அங்கே பேசியது ஒரு சொல் விடாமல் கேட்டது.

வக்கீல் உயிலை வாசித்தார். அதில் சித்தி தன் முழுப் பெயரையும் வயதையும் சொன்னார். முந்தைய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்தார். பிறகு, "என்னை மகளாக இருந்து பராமரித்துவரும் என் அக்காள் மகளுக்கு, நான் வசிக்கும் வீட்டை முழு உரிமையுடன் சேரும்படி எழுதிவைக்கிறேன். மற்றவை எதுவாயினும் என் மகனைச் சேரும்."

நான் ஸ்கேனரின் மூடியைப் பிடித்தபடி நின்றேன்.

"சார், கடைசிப் பக்கத்தைக் காட்டுங்க" என்றார் அக்கா.

காகிதம் புரளும் சத்தம்.

"என் கையெழுத்து."

"ஆமாம்மா."

"அப்ப இது..."

"ஆமாம்மா. செல்லாது. உனக்கு எழுதினது விழுந்துடும். 'மற்றவை எதுவாயினும்'கிறதுல சேர்ந்து தம்பிக்குப் போயிடும்."

மகனின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அக்கா வெளியே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் அழப்போகிறார் என்று தண்ணீர் எடுத்துப் போனேன். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"எனக்கு எழுதியிருக்காங்க" என்றார். "கேட்டியா? எனக்குத்தான் எழுதியிருக்காங்க."

அன்று முழுக்க அவர் அப்படித்தான் இருந்தார். ஆறு வருஷம் இல்லை என்று நினைத்திருந்த ஒன்று இருந்திருக்கிறது. வீடு கைக்கு வராது என்பது அவருக்கு இரண்டாவது சங்கதியாகத்தான் பட்டது. "சார்தான் பாவம், மறந்துட்டாரு" என்றார். "அவசரத்துல வழக்கம் மாதிரி கூப்பிட்டிருப்பாரு. எனக்குத் தெரிஞ்சிருந்தா நானே மாட்டேன்னு சொல்லியிருப்பேன். தாளைப் போட்டு மூடியிருந்துச்சே."

"வக்கீல் மேல கேஸ் போடலாமேக்கா" என்றேன். "அவரோட தப்புதானே?"

"இருபத்தெட்டு வருஷத்துல ஒரு தப்பு. அதுக்கு நான் போய் கோர்ட்டுல நிக்கணுமா? மனுஷன் பேரு கெட்டுடும். நீ வேலையைப் பாரு."

வக்கீல் மறந்துவிட்டார் என்ற கதை இரண்டு நாள்தான் தாங்கியது. நகல் கடைக்காரர் ஜன்னல் வழியாக இதைக் கேட்டதும் இயந்திரத்தை நிறுத்தினார்.

"மறதியா? அந்த ஆளுக்கா? போன மாசம் என்கிட்ட இரவல் கொடுத்த குண்டூசி டப்பாவைக் கேட்டு வாங்கிட்டுப் போனவருங்க அவரு."

"வயசாகுதுல்ல அண்ணே."

"அன்னிக்கு நானும் வந்தேனேம்மா. சார் என்னைத்தான் கூப்பிட்டாரு. அப்ப இருந்த குமாஸ்தா ஒரு சாட்சி, நான் ஒரு சாட்சின்னு. நான் பேனாவை எடுக்கறேன், உங்க சித்தி, 'நீங்க போய் கடையைப் பாருங்க, எங்க வீட்டுப் பொண்ணே இருக்காளே'ன்னாங்க. சாரும் ஒண்ணும் சொல்லல. நானும் வந்துட்டேன்."

"பாசத்துல சொல்லியிருப்பாங்க" என்றார் அக்கா.

"இருக்கும். ஆனா எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. மொத தடவை போட்டவன் நான். இப்ப மட்டும் நான் ஆகலையான்னு."

அக்கா எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "எந்த மொத தடவை?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டது அவருக்குப் புரிந்தது. "அதுக்கு முன்னாடி ஒண்ணு எழுதினாங்களே... பையன் கல்யாணம் பண்ணிக்கிட்ட வருஷம். நீங்க லீவுல இருந்தீங்க."

அக்கா எழுந்தார். மூன்றாவது அலமாரி. வக்கீல் நீதிமன்றத்தில் இருந்தார். இடுப்பிலிருந்த சாவியை எடுத்துத் திறந்தார். சித்தியின் கோப்பு மெல்லியது. அதற்குள் இரண்டு உயில்கள். மேலே இருந்தது ஆறு வருஷத்துக்கு முந்தையது. கீழே இருந்தது பதினொரு வருஷத்துக்கு முந்தையது. மூலையில் பென்சிலால் 'பழையது' என்று எழுதியிருந்தது.

அக்கா இரண்டையும் மேஜையில் பக்கம் பக்கமாக வைத்தார். வரி வரியாக விரலை ஓட்டினார். பிறகு இரண்டு கடைசிப் பக்கங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தார். வெளிச்சம் ஊடுருவியது. வரியின்மேல் வரி அப்படியே பொருந்தியது. ஒரு காற்புள்ளிகூட விலகவில்லை. தேதியும் கீழே இருந்த ஒரு கையெழுத்தும் மட்டும்தான் பொருந்தாமல் கலங்கித் தெரிந்தன. பழையதில் நகல் கடைக்காரருடையது. புதியதில் அக்காவுடையது.

"எதையும் மாத்தல" என்றார். "அப்ப எதுக்கு ரெண்டாவது?"

அக்கா புதியதைத் திருப்பினார்.

புதிய உயிலின் பின்னால் ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. வக்கீலின் கையெழுத்து, பொடிப்பொடியாக: 'அக்காள் மகள் சாட்சியிட்டால் வீடு அவருக்குச் சேராது, மகனுக்குப் போகும் என இருமுறை விளக்கப்பட்டது. புரிந்துகொண்டார். தெரிந்தே அவ்வாறு செய்ய விரும்புகிறார்.' அதற்குக் கீழே சித்தி கையெழுத்துப் போட்டிருந்தார். நல்ல, தெளிவான, நடுங்காத கையெழுத்து.

அக்கா அந்தச் சீட்டை மூன்று தடவை படித்தார். பிறகு கோப்பை மூடாமல் மேஜையிலேயே வைத்துவிட்டு வக்கீல் வரும்வரை காத்திருந்தார்.

வக்கீல் உள்ளே வந்ததும் மேஜையைப் பார்த்தார். கறுப்புக் கோட்டைக் கழற்றாமலே நின்றார்.

"அவங்ககிட்ட ரெண்டு தடவை சொல்லியிருக்கீங்க சார். என்கிட்ட ஒரு தடவை சொல்லலையே?"

"அன்னிக்கு நான் உங்க சித்திக்கு வக்கீல்மா. உனக்கு இல்ல."

"'வாம்மா ஒரு கையெழுத்து'ன்னு கூப்பிட்டது யாரு?"

"அவங்க கேட்டாங்க. கட்சிக்காரர் சொல்றதைச் செய்யறதுதான் தொழில். நீ வெளிய போயிருந்த நேரத்துல நானும் சொல்லிப் பாத்தேன். 'பையனுக்குத்தான் வேணும்னா நேரா அவன் பேருக்கே எழுதிடுங்க, இது எதுக்கு சுத்தி வளைச்சு?'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

வக்கீல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "'அவனுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. வீடு அவனுக்குத்தான் போகணும். ஆனா அவ பேரை எடுத்துட்டா, என்னிக்காவது அவளுக்குத் தெரிஞ்சா என்னை விட்டுட்டுப் போயிடுவா. பேரு இருக்கட்டும்'னாங்க."

அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறுபடி கேட்க விரும்பவில்லை.

"நான் போயிருப்பேனா சார்? என் பேரு அதுல இல்லன்னு நெனச்சுக்கிட்டுதானே ஆறு வருஷம் அங்க இருந்தேன். அள்ளிக் கொட்டினேன். கூப்பிட்டு 'உனக்கு இல்லடி'ன்னு சொல்லியிருந்தா, 'சரி சித்தி'ன்னு மருந்தை எடுத்துக் கொடுத்திருப்பேன்."

"அது அவங்களுக்குத் தெரியாதும்மா."

"உங்களுக்குத் தெரியும்ல? தினம் பாத்தீங்கல்ல? அவங்களுக்கு உடம்புக்கு முடியலன்னு நான் அரை நாள் லீவு கேக்கும்போதெல்லாம், 'புண்ணியம் பண்றே, பலன் கிடைக்கும்'னு சொன்னீங்களே சார். அதைச் சொல்லாம இருந்திருக்கலாம்."

வக்கீல் கோட்டைக் கழற்றி மாட்டினார். மாட்டியது கொக்கியில் நிற்காமல் கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு வீட்டுக்குப் போனேன். சித்தியின் ஓய்வூதியக் காகிதங்களைத் தேட ஒரு ஆள் துணை வேண்டும் என்று அழைத்திருந்தார். மகன் பின்கட்டில் இருந்தான். பல வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாயைக் கழற்றிப் புது வாஷர் போட்டுக்கொண்டிருந்தான். கெட்டவன் மாதிரி இல்லை. அக்காவைப் பார்த்ததும் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"உனக்குத் தெரியுமா தம்பி?" என்றார் அக்கா. முன்னுரை எதுவும் இல்லை.

அவன் ஸ்பேனரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "அம்மா சொன்னாங்க. 'பேப்பர்ல அக்கா பேரு இருக்கும், ஆனா வீடு உனக்குத்தான் வரும், சத்தம் போடாதே'ன்னு. எனக்கு சட்டம் எல்லாம் புரியலக்கா."

"எப்ப சொன்னாங்க?"

"பாப்பா பொறந்தப்ப."

"ஆறு வருஷம். ஒரு வார்த்தை சொல்லலை நீ."

"எப்படிக்கா சொல்றது?"

"வாயாலதான். வாராவாரம் போன் பண்ணி 'அம்மா சாப்பிட்டாங்களாக்கா, அம்மா தூங்கினாங்களாக்கா'ன்னு கேட்டியே, அந்த வாயால."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, "நீங்க இருக்கற வரைக்கும் இங்கயே இருங்கக்கா. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். மேல ஒரு ரூம் கட்டி நாங்க லீவுக்கு வந்து போறோம்" என்றான். மனதாரச் சொன்னதாகத்தான் பட்டது. சித்தியை இத்தனை வருஷம் பார்த்துக்கொண்ட மாதிரி இனி வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது அவனுக்கு என்பதும் எனக்குப் பட்டது. அக்கா காகிதப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

உயில் நீதிமன்றத்தில் ஏற்கப்பட வேண்டுமானால், சாட்சியிட்ட ஒருவராவது சத்தியப் பிரமாணம் கொடுக்க வேண்டும். இன்னொரு சாட்சியான குமாஸ்தா இரண்டு வருஷத்துக்கு முன்பே இறந்துவிட்டார். மிஞ்சியவர் அக்கா மட்டும். உயில் எழுதியவர் தன் கண் முன்னால் கையெழுத்துப் போட்டார், அப்போது தெளிந்த புத்தியோடு இருந்தார் என்று அவர்தான் சொல்லியாக வேண்டும்.

அதில் ஒரு வழி இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் நகல் கடைக்காரர்.

"இங்க பாருங்கம்மா. அன்னிக்கு உங்க சித்தி ஒரு நிலையில இல்ல, ஆபரேஷன் முடிஞ்சு மருந்து மயக்கத்துல இருந்தாங்கன்னு நீங்க சொன்னா என்ன ஆகும்? புதுசு செல்லாது. பழசு எழுந்து நிக்கும். பழசுல உங்களுக்கு வீடு, சாட்சி நான். நான் வந்து சொல்றேன். எனக்கு அது பொய்கூட இல்ல, நான் நிஜமாவே போட்டேன்."

"ஆபரேஷன் அதுக்கு ஒரு மாசம் முன்னாடி, அண்ணே."

"ஒரு மாசம் என்ன பெரிய மாசம்? யாரு காலண்டரைப் புரட்டப் போறா?"

எனக்கும் அது சரியென்றே தோன்றியது. அந்த வீட்டில் முப்பத்திரண்டு வருஷம் உழைத்தவருக்கு ஒரு வரிப் பொய்யில் அது கிடைக்குமானால் அந்தப் பொய்யில் என்ன குற்றம்? "போடுங்கக்கா. உங்களை ஏமாத்த ஒரு கையெழுத்து வாங்கினாங்கல்ல, அதை நீங்க ஒரு கையெழுத்தால திருப்பி எடுத்துக்கறீங்க" என்றேன்.

வக்கீல் இதைக் கேட்டிருக்க வேண்டும். தடுப்பின் லட்சணம்தான் தெரியுமே. மறுநாள் பிரமாணத்தின் வரைவைத் தட்டி அக்காவின் மேஜையில் வைத்தார். எல்லாப் பத்திகளும் இருந்தன. ஐந்தாவது பத்தி மட்டும், சித்தியின் மனநிலையைச் சொல்ல வேண்டிய இடம், வெறுமையாக இருந்தது.

"அந்த வரியை நீயே எழுதிக்கோம்மா. என்ன எழுதினாலும் நான் கேள்வி கேக்க மாட்டேன்" என்றார். அவர் கண்கள் சுவர்க்கடிகாரத்தில் இருந்தன. அது அவர் கேட்ட மன்னிப்பு என்று நினைக்கிறேன். ஒரு பொய்யைச் சொல்ல அனுமதி கொடுப்பதுதான் அவரிடம் மிச்சமிருந்த பரிசு.

மூன்று நாள் அந்தத் தாள் மேஜையிலேயே கிடந்தது. அக்கா அதன்மேல் வேறு வேலைகளை வைத்துச் செய்தார். ஒரு தடவை தட்டச்சுப் பலகையில், 'அன்றைய தினம் அவர் மருந்தின்' என்று வரை அடித்ததைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். அது அவருக்கு வலிக்காத விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஐம்பத்தொரு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாடகை அறை தேடுவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். பழைய உயிலில் வீடு அவருடையது. அதற்கும் அவருக்கும் நடுவில் நாலு வார்த்தைதான் இருந்தது.

நான்காம் நாள் காலை நான் வந்தபோது பத்தி எழுதி முடித்திருந்தார். என்னிடம் நீட்டினார்.

'உயில் எழுதியவர் அன்றைய தினம் முழுத் தெளிவோடு இருந்தார். நான் சாட்சியிட்டால் எனக்கு எழுதிய வீடு எனக்குச் சேராது என்பதை இருமுறை கேட்டறிந்த பின்பே, அதைத் தெரிந்துகொண்டே, என்னைச் சாட்சியிட அழைத்தார். இதை அவரே கையெழுத்திட்ட குறிப்பு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.'

"அக்கா, வீடு போயிடும்."

"போகட்டும்."

"ஏன்க்கா? அந்த அம்மாவுக்காகவா பாக்கறீங்க?"

"அவங்களுக்காகவா?" குரல் உயர்ந்தது. எதிர்க்கடை இயந்திரம் நின்றது. "அவங்களுக்குப் புத்தி தெளிவா இல்லன்னு நான் எழுதினா என்ன ஆகும் தெரியுமா? அவங்க தெரியாம பண்ணதா ஆயிடும். பாவம் கிழவி, மயக்கத்துல ஏதோ பண்ணிட்டான்னு ஆயிடும். மயக்கம் இல்ல. தெளிவா இருந்தாங்க. என் பக்கத்துல உக்காந்து, என் கையைப் பிடிச்சு, 'இங்க போடுடி கண்ணு'ன்னு இடத்தைக் காட்டினாங்க. அதை நான் பாத்தேன். ஒரு வீட்டுக்காக அவங்களை நான் தப்பிக்க விட்டுடணுமா?"

வக்கீல் படித்துவிட்டுத் தாளை மேஜையில் வைத்தார். "முதல் வரி போதும்மா. மீதியை கோர்ட்டு கேக்காது."

"எனக்கு வேணும் சார்."

"அந்தச் சீட்டு... அது என் குறிப்பு. வெளிய போனா, நான் தெரிஞ்சே உன்னைக் கூப்பிட்டேன்னு ஆகும்."

"ஆமா சார்" என்றார் அக்கா. "அப்படித்தானே ஆச்சு?"

பிரமாணம் வாங்கும் அதிகாரி இரண்டு தெரு தள்ளி ஒரு குறுகிய அறையில் இருந்தார். முன்னால் வரிசையில் நான்கு பேர். எங்கள் முறை வந்ததும் வழக்கம்போல முத்திரையைக் கையில் எடுத்துவிட்டுத்தான் படித்தார். ஐந்தாவது பத்தியில் முத்திரையைக் கீழே வைத்தார்.

"இது உங்களுக்கே எதிரா இருக்கேம்மா. யாராவது கட்டாயப்படுத்தி எழுத வெச்சாங்களா?"

"இல்ல. நானே அடிச்சது."

"என்ன எழுதியிருக்குன்னு தெரியுதுல்ல?"

"ஒவ்வொரு எழுத்தும்."

கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அழுதார், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. படியேறி வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

மாதக் கடைசியில் அவர் வேலையையும் விட்டார், வீட்டையும் விட்டார். மரச்சாமான் கடை ஒன்றின் மாடியில் ஒரு அறை கிடைத்தது. சாமான் ஏற்ற நானும் போயிருந்தேன். அதிகம் இல்லை, ஒரே தள்ளுவண்டியில் அடங்கிவிட்டது. மகன் கூடவே நின்று ஒவ்வொன்றையும் தூக்கிக் கொடுத்தான். எல்லாம் முடிந்ததும் உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த சித்தியின் படத்தைக் கழற்றித் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான்.

"இதையாவது நீங்க எடுத்துட்டுப் போங்கக்கா. அம்மாவை என்னைவிட அதிகமா பாத்தவங்க நீங்க."

அக்கா படத்தை வாங்கவில்லை. வீட்டுச் சாவியை அதன்மேல் வைத்தார்.

"மற்றவை எதுவாயினும் உனக்குத்தான் தம்பி" என்று சொல்லிவிட்டு வண்டிக்காரரைக் கிளம்பச் சொன்னார்.